ஆல்தோவின் மிச்சம்

“ஆல்தோ போட்டுட்டா பட் போடக் கூடாது. ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கு?” என்றாள் டீச்சர்.

மாலை நேர ஆங்கில வகுப்பு மொத்தமும் சிரித்தது. ‘ஆல்தோ கேஸ் தீர்ந்துபோச்சு, பட் சமைச்சேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த சமையல்காரர் மட்டும், பாவம், ரப்பரைத் தேடினார்.

லிஃப்ட் மெக்கானிக் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்ட லிஃப்டை அரை மணியில் இறக்கிவிடுவார். சிக்கிக்கொண்ட ஒரு வாக்கியத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினாறு வருடம், மனைவி எதைச் சொன்னாலும் அதை ஒரு ஜோக்கில் முடித்துவைத்தவர் அவர். பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“இருந்தாலும்…” என்றாள். போய்விட்டாள்.

தமிழில் அது போதும். மூன்று புள்ளி வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மிச்சம் கேட்டவன் பாடு.

அந்த மூன்று புள்ளியோடுதான் இப்போது குடித்தனம். இருந்தாலும், கோபம் ஆறவில்லையா? இருந்தாலும், மறக்க முடியவில்லையா? இருந்தாலும், குக்கர் மூடியை எடுத்துப்போகிறேன் என்றா? மூடியையும் அன்றிலிருந்து காணோம்.

ஆங்கிலத்தில் அப்படி அந்தரத்தில் விட முடியாதாம். இருந்தாலும் என்பதற்கு ஆல்தோ என்று ஆரம்பித்தால், கமா போட்டு மிச்சத்தையும் சொல்லியே தீரவேண்டுமாம். இந்த ஒரு விதிக்காகவே அவருக்கு வெள்ளைக்காரர்கள்மேல் மரியாதை வந்தது.

டீச்சர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தாள். நர்ஸுக்கு, “குட், மேடம்.” வாட்ச்மேனுக்கு, “பரவால்ல, சார்.” வகுப்பில் எல்லாருமே அவளுக்கு சார், மேடம்தான்.

மெக்கானிக்கின் நோட்டில் ஒரே வரி.

‘ஆல்தோ ஐ ஆம் எ ஃபூல்.’

நான் மடையன்தான் என்றாலும். முற்றுப்புள்ளி.

சிவப்புப் பேனா அந்த வரியின் மேல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“ஏங்க,” என்றாள் டீச்சர், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “மிச்சம் எங்க?”

“அத நீதான் சொல்லணும். பதினாலு மாசமா காத்துட்டிருக்கேன்.”



அவள் குனிந்து, அவர் வைத்த புள்ளிக்குக் கீழே சின்னதாக ஒரு வால் இழுத்து, அதைக் கமா ஆக்கினாள்.