மூச்சை விடலாம்

எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், திரையின் நீல வெளிச்சம் முகத்தில் விழ, படமெடுப்பவள் உற்றுப் பார்க்கிறாள். படமெடுக்க வந்து நிற்கும் ஆளின் விலா எலும்புகளுக்கு நடுவே, இதயத்தை ஒட்டி, ஓர் ஈட்டிமுனை வெள்ளை வெளேரென்று தெரிகிறது. சட்டைப்பையில் எதையோ ஒளித்துக்கொண்டு விளையாடுகிறானோ? எட்டிப் பார்க்கிறாள். சட்டை நாற்காலியில் கிடக்கிறது. வெறும் மார்பை எக்ஸ்ரே தட்டில் அழுத்தி, முதுகைக் காட்டியபடி, காவலுக்கு நிற்பவனைப் போல விறைப்பாக நிற்கிறான். அந்த முதுகு அசையவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. மூச்சைப் பிடிக்கச் சொன்னவள் விடச் சொல்ல மறந்துவிட்டாள். வெளியே அடுத்த நோயாளி இருமி ஓய்ந்து, கதவையும் தட்டிப் பார்த்துவிட்டார். "ஐயோ, மூச்சை விடுங்க!" அவன் நிதானமாக விடுகிறான். அறையெங்கும் எரிந்த மரத்தின் வாடை. "யாருங்க நீங்க? நான் சொல்லலைன்னா விடவே மாட்டீங்களா?" அவள் குரலில் சந்தேகம் முள்ளாக நிற்கிறது. அவன் திரும்பாமலே சொல்கிறான்: "அன்னைக்குக் கோட்டை வாசல்ல, 'நான் வர்ற வரைக்கும் நகராதே'ன்னு சொல்லிட்டுப் போனே. நீ வரலை, ஈட்டிதான் வந்துச்சு. நான் நகரலை." பைத்தியம், சந்தேகமே இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று சொல்லிவிட்டால் போய்விடுவான். நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவளுக்கு நாக்கு எழவில்லை.