எடை பார்த்துக் கொடுத்த மருந்து

“இன்னும் ரெண்டு ட்யூப் வேணும், டாக்டர். இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு.”

கால்நடை மருத்துவர் அன்னெலி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினாள். மறுமுனையில் ஹால்வர். ஏரிக்கு அந்தப் பக்கம், அறுபது கிலோமீட்டர் தள்ளி, மூன்று குதிரைகளும் பத்துப் பன்னிரண்டு மாடுகளும் வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிவிடும்.

“தீர்ந்துபோச்சா? மூணு குதிரைக்கு மூணு ட்யூப் குடுத்தேன். ஒரு தடவை குடுத்தா வேலை முடிஞ்சுது. புழு மருந்து என்ன வெண்ணெயா, தினமும் ரொட்டியில தடவிக் குடுக்க?”



அன்னெலிக்கு உள்ளுக்குள் உறுத்தியது. குதிரையின் லத்தியைச் சோதித்து, அதில் புழு முட்டை இருந்தால்தான் மருந்து எழுதித் தர வேண்டும். பனியில் அவ்வளவு தூரம் யார் போய் வருவது என்று, போன மாதம் போனில் கேட்டதையே நம்பி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“முதல்ல லத்தி அனுப்புங்க, ஹால்வர். அதைப் பாக்காம இனிமே ஒண்ணும் தர்றதா இல்ல.”

“அதுக்கெல்லாம் நேரமில்ல, டாக்டர். அவ ரொம்ப இளைச்சுட்டா. எதுவும் உள்ள இறங்கல.”

அந்த மூன்றில் ப்ளும்மா ஒன்றுதான் பெட்டைக்குதிரை. பதினெட்டு வயது.

“ப்ளும்மாவுக்கு வயசாச்சு இல்ல? பல்லு தேஞ்சிருக்கும். வேற என்ன பண்றா?”

“நிக்க முடியல. காலு பின்னுது. நேத்துலேருந்து கண்ணும் சரியில்ல. கதவுல போய் முட்டிக்கிறா.”

அன்னெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது புழுவின் வேலை இல்லை. மருந்தின் வேலை.

“எவ்வளவு குடுத்தீங்க?”

“தினமும் கொஞ்சம். மூணு வாரமா.”

“தினமுமா! வாயைப் பிடிச்சுத் திணிச்சாலே பாதியைத் துப்பிடுமே அந்தப் பசையை. எப்படி முழுங்குறா?”

“துப்பமாட்டா. அவளே வாயைத் திறக்கறா.”

“இனிமே ஒரு பொட்டு குடுக்கக் கூடாது. நான் இப்பவே கிளம்பி வர்றேன். போனை உங்க வீட்டம்மா குன்வோர்கிட்ட குடுங்க, அவங்கன்னா விவரமாச் சொல்வாங்க.”

“தூங்கறா” என்றார் ஹால்வர். போன் அடங்கிவிட்டது.

வழியெல்லாம் அன்னெலிக்கு ஆத்திரம் ஆறவில்லை. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. குன்வோர் எங்கே போயிருந்தாள் இந்த மூன்று வாரமும்? அந்தப் பண்ணையில் மருந்து புகட்டுவதென்றால் அவர் மனைவி குன்வோர்தான். மாட்டின் தலையைக் கக்கத்தில் இடுக்கி, வாயோரத்தில் குழாயை நுழைத்து ஒரே அமுக்கு அமுக்குவாள். அமுக்கிவிட்டு, “இவ்வளவுதான்டி கண்ணு” என்று அதன் நெற்றியில் ஒரு தட்டு தட்டுவாள். அவள் பார்த்திருந்தால் இப்படி நடக்க விட்டிருக்க மாட்டாள்.

ஹால்வர் லாயத்து வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு வாரத் தாடி. கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“மருந்து கொண்டுவந்தீங்களா?”

“என்ன பேசறீங்க ஹால்வர்? அந்த மருந்துதான் அவளைக் கொல்லுது!”

அவர் முகம் பனியைப் போல வெளுத்தது. “அப்படி இல்லையே... மருந்து பிடிக்கறப்ப முதல்ல மோசமாத்தான் இருக்கும், விடாமக் குடுக்கணும்னு போட்டிருந்துதே.”

“எதுல?”

“கம்ப்யூட்டர்ல.”

அன்னெலி அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உள்ளே போனாள். ப்ளும்மா தலையைத் திருப்பிக் கனைத்தது. தடுப்புக்கு வெளியே மூக்கை நீட்டி அவள் கோட்டுப் பையைத் துழாவியது. டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்பாவை சட்டென்று சுருங்கியது. நடத்திப் பார்த்தாள், நாலு காலும் உறுதியாக ஊன்றி நடந்தது. ஈறு நல்ல சிவப்பு. விலா எலும்பு ஒன்றுகூடத் துருத்தவில்லை. மற்ற இரண்டையும் பார்த்தாள். அவையும் மழமழவென்று இருந்தன. அடுத்த தடுப்பில் மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன.

“இவளுக்கு ஒண்ணுமே இல்லையே ஹால்வர். எதுக்குமே ஒண்ணுமில்ல.”

ஹால்வர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“எடை பாத்துப் பாத்துத்தான் குடுத்தேன், டாக்டர்” என்றார் மெல்ல. “கட்டி கரையும்னு போட்டிருந்துது. ஆஸ்பத்திரியில இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க.”

“எந்தக் கட்டி? யாரை அனுப்பிட்டாங்க?”

அவர் வாய் திறப்பதற்குள், வெளியே பனியில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. லாயத்துச் சுவரை இரண்டு கையாலும் தடவித் தடவி வந்த குன்வோர், வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அதைத் தன் புருஷன் என்று நினைத்துக் கேட்டாள்: “டாக்டர் என் மருந்தைக் கொண்டுவந்துட்டாங்களா, ஹால்வர்?”