தூக்கு, திருப்பு, விடு

"ஸ்டியரிங்கைத் தொட்டாலே உன் கை ஏம்மா இந்த ஆட்டம் ஆடுது?"

முதல் நாளன்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கேட்ட இந்தக் கேள்வியை, நாலு மாதம் கழித்தும் ஊசியிடம் தினமும் கேட்டார். தையல் கூடத்தில் பழுதான மிஷின்களைச் சரிசெய்கிறவள் அவள். ஒல்லி உடம்புக்கும் செய்கிற வேலைக்கும் சேர்த்து அங்கே வைத்த பெயர்தான் ஊசி. நூல் கோக்கும்போது நடுங்காத கை, வாத்தியாரின் பழைய காரில் உட்கார்ந்தால் மட்டும் நடுங்கியது.

அந்த ஸ்டியரிங், ஓட்டுகிறவர் வசதிக்கு மேலும் கீழும் சாய்த்து வைக்கிற வகை. வயதாகிவிட்டதால் இப்போதெல்லாம் யாரையும் கேட்காமல் தானே சாய்ந்துகொண்டது. வளைவு வந்தால் மடியில் வந்து படுத்தது. வாத்தியார் அதற்கும் ஒரு மந்திரம் வைத்திருந்தார்.

"இடது கையால லேசாத் தூக்கு, திருப்பு, விடு. பதினெட்டு வருஷமா இதான் பாடம். ஊர்ல பாதிப் பேரு என்கிட்டத் தூக்கிப் பழகினவங்கதான், தெரியுமா?"

"மத்த வண்டியில யாரும் தூக்குற மாதிரி தெரியலையேண்ணே..."

"பாவம், அவங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல."

ஊசி இரண்டு முறை அதே காரில் லைசென்ஸ் தேர்வுக்குப் போய், வளைவில் தூக்க முடியாமல் தடுமாறினாள். இரண்டு முறையும் அதிகாரி ஒரே வரியை எழுதித் தந்தார்: 'கைப்பழக்கம் போதாது.'

தையல் கூட முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் கொண்டா, டெலிவரி வேன் உனக்கு. இல்லேன்னா என் மச்சான் ரெண்டு வருஷமா வீட்டுல சும்மாத்தான் படுத்திருக்கான்."

அன்று மாலையே ஊசி ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஆடுகிற எதைப் பார்த்தாலும் அவளுக்குத் திருகு ஞாபகம்தான் வரும்.

"அண்ணே, உள்ள நாலு போல்ட்டு தளர்ந்திருக்கும்போல. முடுக்கிட்டா நிக்கும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" வாத்தியாருக்கு மீசை துடித்தது. "கையில குறைய வச்சுக்கிட்டு என் வண்டியில தேடுறியா?"

வியாழக்கிழமை அவர் பல் பிடுங்கப் போனார். அவர் மனைவியே வந்து சாவியை நீட்டினார்.

"ரெண்டு பல்லு. சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள முடிச்சிரு தாயி. அந்தச் சனியன் மடியில விழுந்து விழுந்து, எத்தனை பேண்ட்டுக்குத்தான் நான் ஒட்டுப் போடுறது?"

ஊசி முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். இரவல் வாங்கி வந்த புல்லர் கருவியை வைத்து ஸ்டியரிங் வட்டத்தை இழுத்தெடுத்தாள். பூட்டுத் தட்டு, இண்டிகேட்டர் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பினாள். கடைசியில் அந்த நாலு போல்ட்டுகள் தெரிந்தன. இரண்டு, விரலால் தொட்டாலே சுழன்றன. ஒன்று அடுத்த தும்மலில் கழன்று விழக் காத்திருந்தது. மறுபடி தளராதபடி பசை தடவி, நான்கையும் இறுக்கி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். கல்லாக நின்றது. அவள் கையும் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை, வீங்கிய கன்னத்தோடு வாத்தியார் ஊசியை ஏற்றிக்கொண்டு தேர்வு மைதானத்துக்குக் காரைக் கிளப்பினார். முதல் வளைவில் தூக்கினார். தூக்க ஒன்றும் இல்லை. கார் நேரே போய்க் குப்பைத் தொட்டியை முட்டி நின்றது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"நாலு போல்ட்டு முடுக்கினேண்ணே."

"அடிப்பாவி... அதுவும் இன்னைக்கா!"

தலையில் கைவைத்துக்கொண்டார். தொட்டியில் இடித்த வருத்தம் என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் ஊசி ஸ்டியரிங்கைப் பிடிக்க, அதிகாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவுகளில் கார் வெண்ணெயில் இறங்கிய கத்தியாகத் திரும்பியது. நட்டு வைத்த கம்பங்களில் ஒன்றைக்கூட உரசவில்லை. பின்னால் எடுத்து, கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினாள். அத்தனை நேரமும் அதிகாரி சாலையைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நல்லாப் பார்த்துக்கோங்க சார், இனி நடுங்காது' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அவர் இறங்கிச் சீட்டை நீட்டினார்.

'கைப்பழக்கம் போதாது.'

"சார்! ஒரு கம்பத்தைக்கூட இடிக்கல, கையும் நடுங்கல. அப்புறம் என்ன சார் தப்பு?"

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். தள்ளி நின்ற வாத்தியாரைப் பார்த்துப் பயபக்தியோடு தலையைத் தாழ்த்தினார். பிறகு, போன மாதம் வாங்கிய புத்தம்புது ஜீப்பில் ஏறினார். வாசல் வளைவில், கொஞ்சமும் ஆடாத அதன் ஸ்டியரிங்கை இடது கையால் லேசாகத் தூக்கினார், திருப்பினார், விட்டார், போய்விட்டார்.