குடும்பத்தோடு மொட்டை

இடுப்பு வரை தொங்கிய பின்னல் சலூன் தரையில் விழுந்ததும், நாற்காலியில் இருந்தவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "அழாதே, முடிதானே, திரும்ப வளர்ந்துடும்" என்றார் சலூன்காரர்.

"நான் எங்கடா அழறேன்? கண்ணுல முடி விழுந்துடுச்சு. உன் பொண்டாட்டிக்காக இதுகூட செய்யலைன்னா நான் என்ன நாத்தனார்?" என்றாள் அவருடைய அக்கா. ஒரு குக்கர் மூடி விவகாரத்தில் அவளும் அவர் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

மறுநாள் மனைவிக்கு முதல் கீமோ. அவளோ "நான் வரலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். பார்க்க வருகிறவர்களெல்லாம் மூக்கைச் சிந்திவிட்டுப் போனால் யாருக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றும்? எப்படியாவது அவளை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சலூன்காரருக்கு இப்போது உலகத்தில் வேறு கவலையே இல்லை.

போன வாரம் டாக்டர் அறையில் 'கீமோ' என்ற சொல் காதில் விழுந்ததுமே மனிதர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். நர்ஸ் அவரை வெளி பெஞ்சில் கிடத்தி விசிறிக்கொண்டிருக்க, மிச்சத்தையெல்லாம் மனைவிதான் தனியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம் இவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

ஆனால் சலூனுக்கு வருகிறவர்களில் டாக்டர் அல்லாதவர் யார்? "கீமோன்னாலே முதல்ல முடிதான் போகும்" என்று, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்த அத்தனை பேரும் அடித்துச் சொன்னார்கள். போதாததற்கு நேற்று மனைவி, "கடையிலேர்ந்து நல்ல சீப்பா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, பழசுல பல்லு உடைஞ்சுபோச்சு" என்று வேறு கேட்டுவைத்தாள். பாவம், அவள் மனசு இன்னும் ஏற்கவில்லை என்று நினைத்துக் கடைக்குப் பின்னால் போய் ஒரு மூச்சு அழுதார். அங்கே நின்றபோது உதித்ததுதான் இந்த மொட்டை யோசனை.

அடுத்து மச்சான், மனைவியின் அண்ணன், நாற்காலியில் உட்கார்ந்தார். "மீசையை மட்டும் விட்டுடுங்க மாப்பிள்ளை. இது இல்லேன்னா செக்யூரிட்டி வேலையில எவனும் என்னை மதிக்க மாட்டான்."

"உங்களுக்குத் தங்கச்சி பெருசா, மீசை பெருசா?" என்று அக்கா ஓர் அதட்டல் போட்டாள். மீசையும் போயிற்று. கண்ணாடியைப் பார்த்த மச்சான், பின்னால் யார் நிற்பது என்று திரும்பிப் பார்த்தார்.

பக்கத்துக் கடை டெய்லரும் வந்து நின்றார். அவருக்குக் காதோரம் மட்டும்தான் ஏதோ கொஞ்சம் மிச்சமிருந்தது. "உனக்கு எதுக்குய்யா?" என்று கேட்டதற்கு, "சிநேகிதம்னு வந்துட்டா அளவெல்லாம் பாக்கக் கூடாது" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மூலையில் மாமியார் கண்மூடிக் கைகூப்பியிருந்தார். "கடவுளே, இத்தனை பேர் முடியையும் நீ எடுத்துக்கோ. என் பொண்ணு தலையிலேர்ந்து ஒண்ணுகூட உதிரக் கூடாது."

"அத்தை, இதுல உங்க முடியும் சேர்த்தியா?"

மாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எனக்குத் தலையில குளிர் தாங்காது மாப்பிள்ளை." அப்படிச் சொல்லிக்கொண்டே கொண்டையை அவிழ்த்துவிட்டு, தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

கடைசியாகச் சலூன்காரர் தலையை டெய்லர் மழித்தார். துணி வெட்டிப் பழகிய கை என்பதால் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி போடவேண்டி வந்தது.

இனி யாரும் அழக் கூடாது என்று வழியிலேயே பேசிவைத்துக்கொண்டு, ஐந்து மொட்டைகளும் வீட்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றன. "இனிமே உனக்கு மட்டும்னு எதுவும் கிடையாது. முடி போனா எல்லாருக்கும் போகட்டும்" என்றார் சலூன்காரர்.

மனைவி மெல்லத் திரும்பினாள். அண்ணனின் மீசையில்லாத முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அய்யோ, அழறாளே!" என்று பதறினார் மாமியார்.

பார்த்தால், சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். "போதும்டி, குக்கர் மூடியை நாளைக்கே குடுத்துடறேன்" என்ற அக்காவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இதே கோலத்துல அஞ்சு பேரும் கூட வர்றதா இருந்தா நான் வர்றேன்."

"வர்றோம், வர்றோம்!" சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் சலூன்காரர் பையிலிருந்து கத்திரியை எடுத்தார். "உனக்கும் நானே இப்பவே எடுத்துடவா? அது தானா கொட்டறதை நீ பாக்க வேணாம்."

அவள் பின்னலை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத்தானே அன்னிக்கு பஸ்ஸுல சொல்ல வந்தேன்... எனக்குப் போடற மருந்துக்கு முடி கொட்டாதாம்!"