எர்சிலியாவின் டைமிங் செயின்

எங்கள் ஒகோவா மலையில் பிரசவம் பார்க்கும் எர்சிலியாவின் பைக்குக்கு முப்பத்தொரு வயது. இன்ஜினுக்குள் ஏதோ தட்டுகிறது என்று ஒரு நாள் காலையில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். மலைமேல் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது.

"சீக்கிரம் பாருடா ராதாமேஸ். காலை நீட்டிக்கிட்டுப் பொறந்த பய நீ, உனக்கு மேல எது கீழ எதுன்னு தெரியுமா?"

என்னை வெளியே எடுத்ததும் அவள்தான்.

மூடியைக் கழற்றினேன். டைமிங் செயின் அறுந்து அடியில் சுருண்டு கிடந்தது. அறுந்த முனைகள் வருஷக்கணக்கில் தேய்ந்து வழவழவென்றிருந்தன. கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைப்பது அந்தச் செயின்தான்; அது இல்லாமல் வால்வு அசையாது, வண்டி ஓடாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அறுந்த வேகத்தில் வால்வு இடித்துப் பிஸ்டன் நசுங்கியிருக்க வேண்டும்; ஒரு கீறல்கூட இல்லை.

செயினை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, ஸ்பேனரால் இன்ஜினை மெதுவாகச் சுற்றினேன். மேலே, எதோடும் சேராத பல்சக்கரமும் கூடவே சுற்றியது. கீழ்ச் சக்கரத்தின் குறி அதன் கோட்டுக்கு வந்ததும் மேலே இருந்த குறியும் தன் கோட்டில் வந்து நின்றது. மயிரிழை பிசகவில்லை. இருபது வருஷத் தொழிலில் இத்தனை சுத்தமான டைமிங்கை நான் பார்த்ததில்லை.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? வண்டி தேறுமா?"

"தேறும்மா. வேண்டாத துண்டு ஒண்ணு உள்ள கெடந்து தட்டிக்கிட்டிருந்துச்சு. எடுத்துட்டேன்."

மூடியைப் பூட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது. தட்டும் சத்தம் இல்லை.

"பரவாயில்லையே, கையில தொழில் இருக்கு," என்று சொல்லிவிட்டு மலையேறினாள்.

அவளுக்காக எடுத்துவைத்த புதுச் செயின் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. இந்த ஏழு மாதத்தில் மேலே பதினெட்டுக் குழந்தைகள் பிறந்துவிட்டன. ஒன்றுக்குக்கூட எர்சிலியா பிந்திப் போனதில்லை.