மனிசியின்ர சம்மதம்

“துவக்குக் கேக்கிறவையின்ர மனிசிமாரும் சம்மதிக்கவேணும். இல்லாட்டில் சங்கம் கடிதம் குடுக்கக் கூடாது!”

சங்க உறுப்பினர் சத்தியபாமா சொல்லி வாய் மூடவில்லை, மார்க்கண்டு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

“என்ன விசர்க்கதை இது? என்ர பட்டியில மாட்டை வெட்டி இறைச்சியாக் கொண்டுபோட்டாங்கள். சினைமாட்டையும் விடேல்லை. பொலிஸ் வர முந்திக் கள்ளன் பண்ணைப் பாலம் தாண்டீடுவான். நான் மனிசியைக் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ?”

ஊர் உழவர்களின் கமக்காரர் சங்கக் கூட்டம் அது. சங்கம் கடிதம் கொடுத்தால்தான் கிராம அலுவலரான விதானையார் துப்பாக்கி லைசென்ஸுக்கு மேலே எழுதுவார்.

“என்னில ஒரு குற்றமுமில்லையெண்டு பொலிஸ் றிப்போட்டும் குடுத்தாச்சு. இன்னும் எத்தினை சட்டம் போடப்போறியள்?” என்றார் மார்க்கண்டு.

“வீட்டுக்குள்ள நடக்கிறது பொலிசுக்குத் தெரியுமே அண்ணை? கூட இருக்கிறவளுக்குத்தானே தெரியும்.”

யாரைக் குறிவைத்துச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் விளங்கியது. மார்க்கண்டுவின் தொண்டை அப்படி. மாட்டை அதட்டினாலே அடுத்த வளவு அதிரும். மனிசி கோசலாவோ யாரோடும் கதைப்பதில்லை. அவளை ஒரு இடமும் தனிய விடாமல், போகிற இடமெல்லாம் கூடவே கூட்டிக்கொண்டு திரிகிறார் மனுசன். இவர் மனிசிக்கு அடிக்கிற ஆள்தான் என்று சத்தியபாமா எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். இந்த ஆளின் கையில் துவக்கும் வந்தால் அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆர் பொறுப்பு?

“சண்டைக் காலத்தில நாங்கள் துவக்குச் சத்தம் கேட்டது காணாதே?” என்றாள்.

“ஓம், சரியான கதை” என்றார்கள் சிலர். “கள்ளன் ஆரிட்டச் சம்மதம் கேக்கிறான்?” என்று கத்தினார்கள் வேறு சிலர்.

“சரி, கேளுங்கோவன்! அந்தா, கடைசி வாங்கில இருக்கிறா. இப்பவே கேளுங்கோ!” மார்க்கண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

சங்கத் தலைவர் கேட்டார். “கோசலா, வீட்டில துவக்கு வைச்சிருக்க உமக்குச் சம்மதமோ?”

கோசலா எழும்பினாள். சீலைத் தலைப்பைத் திருகினாள். பிறகு, இல்லையென்று தலையாட்டினாள்.

“பாத்தியளே!” சத்தியபாமா துள்ளினாள். “ஏனெண்டு சொல்லும் பிள்ளை, பயப்படாதையும்.”

கோசலா வாயைத் திறந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மார்க்கண்டு சட்டென்று குறுக்கே விழுந்தார்.

“அவவைக் கேக்காதேங்கோ. நான் சொல்லுறன். எனக்குக் கோவம் வந்தாக் கண்மண் தெரியாது. கை நீட்டிப்போடுவன். துவக்கு வேண்டாம்.”

“சீ, நீயும் ஒரு ஆம்பிளையே!” என்றது ஒரு குரல். வெளியே போய் மோட்டார் சைக்கிளடியில் காத்து நின்றார் மார்க்கண்டு.

சத்தியபாமாவுக்கு வென்றுவிட்ட புளுகம் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கோசலாவின் கையைப் பிடித்தாள்.

“இனி அந்தாள் கை நீட்டினா எனக்கொரு போன் கோல் எடும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

கோசலா விம்மினாள்.

“என்னக்கா கதைக்கிறியள்? அவர் ஒரு நாளும் எனக்குக் கை நீட்டினதில்லை. எனக்கு மனவருத்தம், மனநோய். ஊருக்குத் தெரியாமல் மருந்தெடுக்கிறன். போன வருசம் சாகப் போன என்னை இழுத்துக்கொண்டு வந்து, இண்டைவரைக்கும் கண்ணுக்குள்ள வைச்சுப் பாக்கிறது அவர். எனக்கு அது சுகமாகீட்டுதெண்டு நம்பித்தான் துவக்குக் கேட்டவர். ஆனா அது வீட்டில இருந்தா, எனக்கு என்னிலதான் பயம் அக்கா.”