தொடாத ஸ்பேனர்

"மாப்ளே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

சாப்பாட்டு நேரத்தில் வண்டி ஷெட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன், வாசலிலேயே நின்றுவிட்டார்.

தோட்டத்தில் புல் வெட்டும் சின்ன டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள் அவருடைய தங்கை. அங்கேயே மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷனோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"புல் வெட்டுற தட்டு மேல ஏற மாட்டேங்குதுண்ணா. தூக்குற சிலிண்டர்ல ஆயில் கசியுது" என்றாள் தங்கை.

"நீ வண்டி ஓட்டுறவ. ரிப்பேர் பாக்கத்தானே இவருக்குச் சம்பளம்?"

மாப்பிள்ளை எதிர் மாடி வராந்தாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அவள் லீவரை அசைத்து ஆயில் அழுத்தத்தை இறக்கினாள். ஆயில் போகும் ஹோஸ் இரண்டையும் கழற்றி மூடி போட்டாள். மாட்டியிருந்த இரும்புப் பின்னைத் தட்டியெடுத்து, சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி மேஜைக்குக் கொண்டுபோனாள். உள்ளே பழைய ரப்பர் சீல் கிழிந்து பல்லிளித்தது. புதுசை ஆயிலில் நனைத்து, கீறல் விழாமல் உட்காரவைத்தாள்.

திரும்ப மாட்டும்போது அந்த இரும்புப் பின் அடம்பிடித்தது.

"ஒரு கை பிடிங்களேன்! தேஞ்சா போயிடுவீங்க?" வாட்ச்மேன் தானே குனிந்தார்.

"நீங்களும் தொடாதீங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

ஒருவழியாகப் பின் இறங்கியது. இன்ஜினைப் போட்டு லீவரை இழுத்தாள். தட்டு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மாப்பிள்ளையின் கை சட்டென்று முன்னால் வந்தது. வந்த வேகத்தில் பின்னாலேயே போய்விட்டது.

"ஆயில்ல காத்து மாட்டியிருக்கு" என்று தங்கை லீவரை ஏழெட்டுத் தடவை ஆட்டி, குறைந்த ஆயிலை ஊற்றி, மறுபடி இழுத்தாள்.

வழுக்கிக்கொண்டு ஏறியது தட்டு. ஒரு சொட்டுக் கசிவில்லை.

"சபாஷ்!" எதிர் மாடியிலிருந்து குரல் கொடுத்தார் மேனேஜர். "ரெண்டாவது மெக்கானிக் வேலை உனக்குத்தாம்மா. நாளைக்கே ஆர்டர் வாங்கிக்கோ."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு காது வரை போனது.

"போன மாசமே கிடைச்சிருக்க வேண்டியது மச்சான். இவ பாக்குற ரிப்பேரெல்லாம் புருஷன் பாத்துக் குடுக்குறதுன்னு மேனேஜர் காதுல போட்டுட்டாங்க. அதான் இன்னைக்கு அவர் கண் முன்னாடி ஒரு நட்டைக்கூட நான் தொடலை."

வாட்ச்மேனுக்கு மீசை துடித்தது. "எவன் அவன்? என் தங்கச்சி பிழைப்புல மண்ணைப் போட்டவன்?"

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"விடுண்ணா. போன மாசம் கேட்ல மேனேஜரை நிறுத்தி, 'ரிப்பேரெல்லாம் என் மாப்ளையோட கைவேலை சார்'னு நீ பெருமையாத்தானே சொன்னே?"